தனிமை அதற்குத் துன்பமல்ல

பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கியதும் எங்கள் வகுப்பில் யாராவது ஒருத்தி சொல்வாள், தன் தம்பி பெருநாள் காசைச் சேர்த்து ஒரு சோடி ஹெம்ஸ்டர் வாங்கியிருக்கிறான் என்று. முதல் கிழமை முழுக்க அவற்றின் கதைதான். இரண்டு மாதம் போனபின் இன்னொரு செய்தி வரும்: ஒன்று மற்றதைக் கடித்துக் கொன்றுவிட்டதாம். கூடவே தீர்ப்பும் வந்துவிடும், "அது பொல்லாத சாதி." அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பொல்லாதது அந்தப் பிராணியல்ல, நாம் அதை வைத்திருக்கும் விதம்.

பொன்னிறத்தில் உள்ளங்கையை நிரப்பும் அளவில் இருப்பது சிரிய ஹெம்ஸ்டர். அதன் ஊர் நமக்குப் பெயரளவில் தெரிந்த ஊர்தான், ஹலப். 1930ஆம் ஆண்டு அஹரோனி என்ற விலங்கியலாளர் ஆய்வுகூடத் தேவைக்காக ஹலப் நகருக்கு அண்மையில் ஒரு கோதுமை வயலைத் தோண்டுவித்து, ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் வெளியே எடுத்தார். பெட்டிக்குள் போடப்பட்ட தாய், தன்னை நெருங்கிவந்த முதல் குட்டியின் தலையைக் கடித்துத் துண்டித்தது. எஞ்சியவற்றிலும் சில தப்பியோடின. மீந்த ஒரு சிலவற்றின் சந்ததிதான் இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹெம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. குட்டியைக் கொன்ற அந்தத் தாயைக் கொடியது என்று சொல்வது இலகு. ஆழமான வளையிலிருந்து மண்வெட்டியால் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு பிராணியின் பயத்தை எண்ணிப் பார்த்தால் வேறு விதமாகத்தான் சொல்ல வரும்.

அந்த வரண்ட நிலத்தில் ஒரு வளைக்கு ஓர் ஹெம்ஸ்டர்தான். கன்னப் பைகளில் தானியத்தை அடைத்துக்கொண்டு வந்து வளைக்குள் சேமிக்கும். அந்தச் சேமிப்புத்தான் அதன் உயிர். ஆகவே உள்ளே வரும் இன்னொரு ஹெம்ஸ்டர் அதற்கு விருந்தாளியல்ல, திருடன். இனச்சேர்க்கைக்காகச் சிறிது நேரம் சந்திக்கும், பிறகு பெண்ணே ஆணைத் துரத்திவிடும். பெண்தான் பெரியது, சண்டையிலும் முந்துவது. விலாப்புறச் சுரப்பிகளைத் தேய்த்துத் தேய்த்து 'இது என் இடம்' என்று வாசனையால் எழுதி வைக்கும். திறந்த வெளியில் தோற்றது ஓடித் தப்பும். இரண்டடிக் கூட்டில் எங்கே ஓடுவது?

"கடையில் எல்லாம் ஒன்றாகத்தானே படுத்திருந்தன?" என்று கேட்பார்கள். உண்மை. ஐந்தாறு கிழமைக் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாய்க் குவிந்து உறங்கும். வளர்ந்ததும் உடன்பிறப்பென்று பார்க்காது. எங்கள் ஊர்க் கடையொன்றில், தனியாக வாங்கினால் ஏங்கிச் செத்துப்போகும் என்று சொல்லி இரண்டாவதையும் விற்பதை நானே கேட்டிருக்கிறேன். வியாபாரத்துக்கு அது நல்ல பேச்சு. உம்மா, வாப்பா, சாச்சி, பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் நிறைந்து வாழும் நமக்கு அது உடனே மனதில் பட்டுவிடுகிறது. ஆனால் அந்த ஏக்கம் நம்முடையது, ஹெம்ஸ்டருடையது அல்ல. குள்ள இனங்களில் சில, ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருந்தால் சேர்ந்து வாழ்வதுண்டு. அவற்றுக்குள்ளும் ஒருநாள் சண்டை மூளலாம் என்பதால் அதையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது பூனை. நம் வீடுகளில் நாய் இருக்காது, பூனை இல்லாமலும் இருக்காது. பூனையும் ஹெம்ஸ்டரும் கொஞ்சி விளையாடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு "எங்கள் பூனை சாது" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சாதுவான பூனைக்கும் நகம் இருக்கிறது. நூறு, நூற்றைம்பது கிராம் நிறையுள்ள ஒரு பிராணிக்கு விளையாட்டாகப் பட்ட பல்லே போதும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் பூனையின் வாய்க் கிருமி உள்ளே போய்விடும், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தொடாவிட்டாலும், கூட்டின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பூனையின் மணமும் அசைவும் ஹெம்ஸ்டரை நிம்மதியாக இருக்க விடாது. இதில் பூனை மேலும் குற்றமில்லை.

கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். கூடு அசையாத மேசைமேல் இருக்க வேண்டும், வெயில் விழும் யன்னலோரத்தில் அல்ல. நம் நாட்டு வெக்கையே அதற்கு அதிகம். கடைகளில் கிடைக்கும் சின்னக் கம்பிக் கூட்டைவிட, கம்பிவலை மூடி போட்ட பழைய பெரிய மீன் தொட்டி எவ்வளவோ மேல். பூனையின் கை உள்ளே போகாது, கடதாசித் துண்டுகளை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டால் ஹெம்ஸ்டர் வளை தோண்டவும் முடியும். முகட்டில் ஓடும் எலிகளையும் மறக்கக் கூடாது, இரவில் பூனையைப் போலவே அவையும் எதிரிகள்தான். கிளி, முயல் எதுவானாலும் தனித்தனிக் கூடுதான்.

மனிதரைக் கடிப்பதற்கும் காரணம் உண்டு. அது இரவில் விழித்திருக்கும் பிராணி. பாடசாலை விட்டு வந்த கையோடு, உறங்கும் அதை மேலிருந்து பிடித்துத் தூக்கினால் பருந்து தூக்குவதாகத்தான் அதற்குத் தோன்றும். பார்வை மங்கல், மூக்கை நம்பியே வாழ்கிறது. புரியாணி சாப்பிட்ட விரலைக் கழுவாமல் நீட்டினால் அது விரலா இறைச்சியா என்று அதற்கு எப்படித் தெரியும்! இஷாவுக்குப் பிறகு, அது தானாக எழுந்து வரும்போது, கையைத் தட்டையாக வைத்து அதுவே ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குச் சில நாட்கள் போகும்.

அபூ உமைர் என்ற சிறுவனிடம் அவனது சிறு குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தது நமக்குத் தெரியும். பிராணி வளர்க்கலாம் என்பதற்கு உலமாக்கள் அதை ஆதாரமாகக் காட்டுவர். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே தேடி உண்ண அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் செய்தியும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அவிழ்த்து விடும் வழியாவது இருந்தது. ஹெம்ஸ்டரை வாங்கிய நமக்கு அதுவும் இல்லை. நம் தோட்டத்தில் விட்டால் ஒரு நாளில் பூனைக்கோ சாரைக்கோ காகத்துக்கோ இரையாகிவிடும். ஆகவே வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அது வாழும் இரண்டு மூன்று வருடங்களுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டுதான் காசை நீட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டிவிட முடியாது.

ஏற்கெனவே ஒரே கூட்டில் இரண்டு இருந்தால் இன்றிரவே பிரித்துவிடுங்கள். இன்னொரு கூடு வாங்கும்வரை, மூடியில் காற்றுத் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். பிரித்ததில் ஒன்று பெண்ணென்றால் பதினாறு பதினேழு நாட்களில் குட்டி போடக்கூடும். போட்டால் இரண்டு கிழமைக்குக் கூட்டைக் கிளறாதீர்கள். உணவையும் நீரையும் வைத்துவிட்டு விலகிவிடுங்கள், தங்கச்சி எவ்வளவு கெஞ்சினாலும்.