ஏழே காலுக்கு ஜடை

விமான நிலையம் வரப்போகிறதாம். 2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து ஓசூர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள். எந்தப் பக்கம் வரும், சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் நானும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலை ராயக்கோட்டை ரோட்டில் ஒருவர் அதைக் கெடுத்துவிட்டார்.

நில விலை சூடு பிடித்திருந்த நேரம். கம்பெனி சட்டை போட்ட ஒரு ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். “வர்றேண்ணா, பாப்பாவுக்கு ஜடை போடணும். ஏழே முக்காலுக்கு வேன் வந்துடும்.” யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் இருந்த இன்னொருவர் மட்டும், “ஒண்ணா, ரெண்டா?” என்றார். “ரெண்டுதாண்ணா. மடிச்சுக் கட்டணும்.” “அப்ப ஓடு.”

அந்த ‘ஒண்ணா ரெண்டா’வில் எனக்கு வாரம் முழுக்க சந்தோஷம். தானும் காலையில் சீப்பு பிடிக்கிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். மகளுக்குத் தலை பின்னும் அப்பாவை ரீல்ஸில் போட்டு, பின்னணியில் வயலின் வைத்து, ஆயிரம் பேர் கண்ணீர் விடுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே வயலினும் இல்லை, கண்ணீரும் இல்லை. வேனுக்கு நேரமாகிறது, அவ்வளவுதான்.

எல்லாம் ஷிப்ட் செய்த வேலை. எழுபதுகளில் சிப்காட் வந்தபோது இந்த ஊர் ஆலைகளுக்குள் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எண்பதுகளில் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தது, பெண்களும் போனார்கள். இப்போது எலெக்ட்ரானிக்ஸ், மின்சார ஸ்கூட்டர். போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021இல் சொன்னது. ஓசூர் பக்கத்து ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், அதில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்று மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 2022இல் சொன்னார். உள்ளூர் வீடுகளில் இதற்கு அர்த்தம் வேறு. மனைவிக்கு பர்ஸ்ட் ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் விடியுமுன் தெருமுனையில் நிற்கும். புருஷனுக்கு செகண்ட் ஷிப்ட். நடுவில் ஏழே காலுக்கு ஒரு தலை, எண்ணெய் வைத்து வாரிப் பின்ன வேண்டிய தலை, வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு இது தெரியாது. இரட்டை ஜடை, மடித்து ரிப்பன் கட்டி வரவேண்டும். விதியை யார் எழுதினார்களோ, காலையில் கால்மணி நேரம் சும்மா இருக்கும் ஒரு பெண் எல்லா வீட்டிலும் உண்டு என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஒற்றைப் பின்னலோடு போனால் அசெம்பிளியில் தனி வரிசை. பேன் வராமல் இருக்க என்பார்கள். மடித்துக் கட்டாத ஜடையில் மட்டும் பேன் ஏறும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆலையிலும் முடியைக் கட்டச் சொல்வார்கள், அதற்காவது காரணம் உண்டு, சுற்றும் யந்திரம் தொங்கும் முடியை இழுத்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது ஹாலிவுட் நடிகை வெரோனிகா லேக் ஒரு கண்ணை மறைத்து முடியைத் தொங்கவிடுவார். ஆயுத ஆலைப் பெண்களும் அப்படியே விட ஆரம்பித்தார்கள். அமெரிக்க அரசு அவரிடமே கேட்டுக்கொண்டது. 1943இல் அவர் முடியை வாரி மேலே கட்டிப் படம் பிடித்துக் காட்டினார்.

எங்கள் வீட்டிலும் மகளுக்கு பர்ஸ்ட் ஷிப்ட். பேத்தியின் தலை என் பொறுப்பு. டூல்ரூமில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் வரிசை தப்பக்கூடாது. சிக்கை நுனியிலிருந்து எடுக்க வேண்டும், வேரிலிருந்து இழுத்தால் தெருவே கேட்கும். வகிடு சீப்பின் வால் முனையால், நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பில். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தொளதொளக்கும். அதனால் தளரும் பக்கத்தை முதலில், கை புதிதாக இருக்கும்போதே பின்னிவிடுவேன். காதுக்குப் பின்னால் முதல் மூன்று மாற்று இறுக்கமாக இருந்தால் போதும், அப்புறம் பின்னல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். “தாத்தா, டார்க் ஜாஸ்தி!” என்று கத்துவாள். டார்க் என்றால் முறுக்குவிசை, அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஆமாம், ஆஷ்லி. பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகமாக வாங்கி, மனைவியிடம் விலையைப் பாதியாகச் சொன்ன அந்த முடிச்சுப் புத்தகம். கிளிஃபர்ட் ஆஷ்லி திமிங்கல வேட்டைக் கப்பல்களை வரைந்த ஓவியர். 1944இல் வந்த அவர் புத்தகத்தில் 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் எண், கூடவே படங்கள். மாலுமிகள் கயிற்றில் பின்னியதெல்லாம் அதில் தனி அத்தியாயங்களாகவே இருக்கிறது. நம் வீட்டு மூணு கால் பின்னலும் அங்கே உண்டு. நாலு கால், ஐந்து கால் எல்லாம் நான் தலையில் கற்கவில்லை, நாற்காலிக் கைப்பிடியில் நைலான் கயிறு கட்டிக் கற்றேன். கயிறு அழாது.

ஆஷ்லி சொல்லாததை 1925இல் ஹாம்பர்க்கில் எமில் ஆர்ட்டின் என்ற கணித மேதை தொடங்கிவைத்தார். பின்னலுக்கென்றே ஒரு கணிதம். கயிற்றில் செய்து பாருங்கள். வலது காலை நடுவின் மேல், இடது காலை நடுவின் மேல் என்று மாற்றி மாற்றி ஆறு முறை போட்டால் மூன்று கால்களும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். அங்கேயே மேல்முனைகளையும் கீழ்முனைகளையும் நேருக்கு நேர் கட்டினால் மூன்று வளையங்கள். பொரோமியன் வளையங்கள் என்று அதற்குப் பேர். அதில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று கோத்திருக்கவில்லை, ஆனால் மூன்றையும் பிரிக்க முடியாது. ஏதாவது ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தனித்தனியாக விழும். தினமும் காலையில் லட்சக்கணக்கான தலைகளில் இதைப் போட்டு, சாயங்காலம் பிரித்துவிடுகிறோம். இதைப் பேத்தியிடம் விளக்க ஆரம்பித்த அன்றைக்கு வேன் போய்விட்டது.

இப்போது அவளுக்கு பிரெஞ்சுப் பின்னல் வேண்டுமாம். இதில் ஆஷ்லி கைவிரிக்கிறார். கயிறு, எடுத்த இழையோடு முடியும். தலையிலோ ஒவ்வொரு மாற்றுக்கும் பக்கத்திலிருந்து புது முடியை அள்ளிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எதிர்வீட்டு மாடியில் ஜார்க்கண்ட் பெண்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஒருவர் பின் ஒருவராகப் படியில் உட்கார்ந்து பின்னிக்கொள்வார்கள். அவர்கள் தமிழ் என் இந்தி அளவுக்குத்தான். போன ஞாயிறு பேத்தியை அனுப்பினேன், அச்சுப் பிசகாத பின்னலோடு வந்தாள். எப்படி என்றேன். “நீயே வந்து பாரு தாத்தா, அக்கா மெதுவா போடறேன்னு சொன்னாங்க” என்றாள். நாற்காலியும் நைலான் கயிறும் எடுத்துக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன்.