தப்பான ஆர்டர்

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை நின்று படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. (பஸ் வரவில்லையென்றால் வேறு என்னதான் செய்வது?) பெயருக்குக் கீழே தவறாமல் ஒரு உத்தியோகம் இருக்கும். ஓய்வு பெற்ற தாசில்தார், முன்னாள் கவுன்சிலர், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். இத்தனை வருஷத்தில் ஒரு போஸ்டரில்கூட 'ஓட்டல் சர்வர்' என்று போட்டு நான் பார்த்ததில்லை. சர்வர்கள் சாவதே இல்லையா? சாகிறார்கள் ஸார். வீட்டில் அதை எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

போன மாசம் பழைய ரூம்மேட் ஒருவன் நியூ ஜெர்ஸியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு இரங்கல் குறிப்பு அனுப்பினான். அங்கேயெல்லாம் குடும்பத்தாரே எழுதி, காசு கட்டி லோக்கல் பேப்பரில் போடுவார்கள். 91 வயது. பெயருக்கு அடுத்த வரியிலேயே உத்தியோகம்: பாசமுள்ள பாட்டி, வாழ்நாள் முழுக்க வெயிட்ரஸ். எழுதியவன் பேரன். ஒரு மறைப்பு கிடையாது, பூசி மெழுகல் கிடையாது. ஹெட்மாஸ்டர் என்று போடுகிற அதே கம்பீரம்.

பெயர் வேண்டாம். நாங்கள் நாலு பேரும் அப்போதே அவரைப் பாட்டி என்றுதான் சொல்வோம்.

1998. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் நடுங்கியதில், கோபால் தெரிந்தவனுக்கெல்லாம் விசா கிடைத்த காலம். ("கோபாலா? எந்தக் கோபால்டா?" என்றார் என் அப்பா.) ஒரு அபார்ட்மெண்டில் நாலு பேர், ஒரே ஒரு குக்கர். எதிரே ஹைவே ஓரத்தில் ஒரு டைனர். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஸ்டீல் தகடு பளபளக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கிற சாப்பாட்டுக் கடை. நியூ ஜெர்ஸியில் தடுக்கி விழுந்தால் டைனர்.

ராத்திரி ஷிஃப்டில் பாட்டி. அப்போதே 65 வயது. இடது கையில் முழங்கை வரை நாலு தட்டு, வலது கையில் காபி ஜாடி. ஆரஞ்சு கைப்பிடி ஜாடி என்றால் கஃபீன் எடுத்த காபி, அதை எங்களுக்கு ஊற்றவே மாட்டார். "இந்தப் பசங்க ராத்திரி முழிக்கணும்" என்பார். எல்லோரையும் 'ஹனி' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் கும்பகோணத்து ரூம்மேட்டுக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்த டேபிள் லாரி டிரைவர் தாத்தாவும் ஹனிதான் என்று தெரிந்ததும் பையன் கொஞ்சம் வாடிப்போனான்.

22 வயதில் ஏப்ரன் கட்டியவர். அந்தக் காலத்தில் சமையல்காரருக்கு ஆர்டரைக் கூவுவதற்கென்று ஒரு தனி பாஷையே இருந்ததாம். ரொட்டி டோஸ்ட்டின் மேல் இரண்டு முட்டை என்றால் 'தோணியில் ஆதாமும் ஏவாளும்'. நம்ம ஊரில் "ஒரு நெய் ரோஸ்ட் முறுகலா, ரெண்டு காபி, ஒண்ணு சக்கரை கம்மி" என்று கூவுவதற்குப் பங்காளி!

இந்த வேலைக்கு ஒரு பரம்பரை உண்டு. ஃப்ரெட் ஹார்வி என்பவர் சாண்டா ஃபே ரயில் பாதை நெடுகச் சாப்பாட்டுக் கடைகள் வைத்தார். 1883-ல் நியூ மெக்ஸிகோவில் ராட்டன் என்ற ஊர் கடையில் ஆண் சர்வர்களை அனுப்பிவிட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து இளம் பெண்களை வேலைக்கு வைத்தார். 'ஹார்வி கேர்ள்ஸ்' என்று பெயர். ரயில் கிளம்புவதற்குள் மொத்தக் கூட்டத்துக்கும் பரிமாறியாக வேண்டும். ஆர்டர் எடுக்கிற பெண் மேஜையில் கோப்பையை நிமிர்த்துவாள், கவிழ்ப்பாள், சாய்ப்பாள். அதைப் பார்த்தே பின்னால் வருகிறவள் காபியா, டீயா, பாலா என்று வாயைத் திறக்காமல் ஊற்றிக்கொண்டு போவாள். 1946-ல் ஜூடி கார்லண்ட் நடித்து இவர்களைப் பற்றி ஒரு சினிமாவே வந்தது. சினிமாவில் வராத கதையும் உண்டு. 1900-ல் சியாட்டில் நகரத்தில் ஆலிஸ் லார்ட் என்ற பெண்மணி வெயிட்ரஸ்களுக்காகச் சங்கம் அமைத்தார். 1911-ல் வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்ததற்கு அந்தச் சங்கம் ஒரு முக்கியக் காரணம்.

சம்பளத்தைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டீர்களா? மணிக்கு 2.13 டாலர். அன்றைய ரேட்டில் 90 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி அப்போது 5.15. டிப்ஸ் வாங்குகிற வேலை என்றால் முதலாளி 2.13 கொடுத்தால் போதும், பாக்கியை டிப்ஸ் நிரப்பும் என்பது சட்டம். நிரம்பாவிட்டால் முதலாளி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. "கொடுக்கிறாரா?" என்று கேட்டோம். பாட்டி சிரித்துக்கொண்டே காபி ஊற்றினார். 1991-ல் வைத்த அந்த 2.13 மத்திய சட்டத்தில் இன்றுவரை ஒரு சென்ட் நகரவில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்களில் மட்டும் இந்தக் கழிவு கிடையாது, முழுக் கூலி உண்டு.

அந்த 2.13-லும், மேஜையில் விட்டுப்போகிற சில்லறையிலும் ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான். மகள் குழந்தையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். பேரனுக்கு 12 வயது. பாட்டி ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கியதே அவனுக்காகத்தான். அவன் தூங்குகிற நேரத்தில் வேலை. காலையில் வீட்டுக்கு ஓடி, அவனை எழுப்பி, ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு அப்புறம்தான் இவருக்குத் தூக்கம். அப்படி எத்தனை வருஷம் என்று நாங்கள் கணக்குப் போட்டதில்லை. அவரும் போட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கும்பகோணத்தானுக்குப் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. அழைத்து வந்த கம்பெனி 'அடுத்தது கிடைக்கும்வரை சம்பளம் இல்லை' என்று கையை விரித்தது. எங்களிடம் கேட்க அவனுக்கு ரோஷம். "சாப்பிட்டாச்சு" என்பான். ராத்திரி டைனரில் ஒரு காபி வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருவான். (எத்தனை தடவை ஊற்றினாலும் ஒரே காசு.)

மூன்றாம் நாள் பாட்டி அவன் முன்னால் ஒரு தட்டை வைத்தார். "சமையல்காரன் தப்பா போட்டுட்டான் ஹனி. குப்பைக்குத்தான் போகுது, நீயே சாப்பிட்டுடு." மறுநாளும் சமையல்காரன் தப்புப் பண்ணினான். அதற்கு மறுநாளும். ஏழு வாரம் விடாமல் தப்புப் பண்ணினான். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு நாள்கூட அந்தத் தப்பில் கறித்துண்டு இருந்ததில்லை! ஒரு நாள் சீஸ் டோஸ்ட், ஒரு நாள் உருளைக்கிழங்கு, ஒரு நாள் பான் கேக்.

கல்லாவில் இருந்தவர்தான் பிறகு எங்களிடம் போட்டு உடைத்தார். சமையல்காரன் ஒரு ஆர்டரும் தப்பாகப் போடவில்லையாம். ஒவ்வொரு தட்டும் பாட்டியின் டிப்ஸிலிருந்து கழிந்திருக்கிறது.

வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் பையன் ஒரு காபி குடித்துவிட்டு நூறு டாலர் நோட்டைச் சாஸருக்கு அடியில் வைத்தான். பாட்டி கண்கலங்கித் திருப்பிக் கொடுப்பார் என்று நாங்கள் தமிழ் சினிமா பார்த்த புத்தியோடு காத்திருந்தோம். பாட்டி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பேரனுக்குப் பல்லுக்குக் கிளிப் போடணும். சரியான நேரத்துல குடுத்தே" என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். கொடுத்தபோது தர்மம் என்று காட்டிக்கொள்ளவில்லை, வாங்கியபோது கூச்சப்படவில்லை. இரண்டுமே அவருக்குப் பரிமாறுகிற வேலையில் சேர்த்தி.

71 வயதில்தான் ஏப்ரனை அவிழ்த்தாராம். 49 வருஷம் நின்ற கால்கள்.

இப்போது நம்ம ஊர் ஓட்டல்களில் ஒன்று கவனித்தீர்களா? பில்லை ஸ்கேன் பண்ணி, பைசா சுத்தமாகக் கட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். மீதிச் சில்லறை என்று ஒன்று வருவதே இல்லை. அது போய்ச் சேர்ந்துகொண்டிருந்த சட்டைப்பைக்கு இப்போது என்ன வருகிறது? முதலாளிக்கு நஷ்டமில்லை. நமக்கும் நஷ்டமில்லை. சாம்பார் வாளியோடு நிற்கிறவருக்கும் வீட்டில் பல் கோணலாக ஒரு பேரன் இருக்கலாம். நாளைக்கு டிபன் சாப்பிடப் போகும்போது பர்ஸில் ஒரு இருபது ரூபாய் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் ஸார். சோம்புத் தட்டு வெறுமனே போக வேண்டாம்.