ஆறாயிரம் பேரும் ஓர் அமானிதமும்



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் மதரஸாவுக்கு வந்தார். வயது இருபத்திரண்டு. பகலில் கைப்பேசிக் கடையில் வேலை. மாலை நேரங்களில் திண்டுக்கல் நகரத்து உணவுக் கடைகளைக் காணொளியாக எடுத்து இன்ஸ்டாகிராமில் வெளியிடுகிறார். பின்தொடர்வோர் ஆறாயிரம் பேர். கடைக்காரர் ஒருவர் மூவாயிரம் ரூபாயும் இலவச உணவும் தர, அக்கடையின் பிரியாணியை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். பணம் பெற்றதைச் சொல்லவில்லை. அதை நம்பி, அவர் தெருவிலேயே வாழும் பெரியவர் ஒருவர் தம் மகனின் வலீமா விருந்தை அக்கடையிடம் ஒப்படைத்தார். இறைச்சி வேகவில்லை, சோற்றில் வாடை. விருந்தினர் பாதியில் கை கழுவி எழுந்துவிட்டனர்.

"ஹஜ்ரத், அந்த மூவாயிரம் ஹலாலா?" என்று கேட்டவர், தாமே ஒரு சமாதானமும் சொன்னார்: "என்னோடது சின்னப் பக்கம்தானே ஹஜ்ரத், ஆறாயிரம் பேர்தான்."

அந்தத் 'தான்' என்ற சொல் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

இத்தொழிலையே நாம் வெறுத்து ஒதுக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தினர் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. கொரோனா காலத்தில் முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. உழைப்பும் ஒழுங்கும் இருந்தால் கைப்பேசியும் ஒரு தொழிற்கருவியே. கடை வைக்க முதலில்லாத நம் இளைஞர்களும், வீட்டிலிருந்தே துணி விற்கும் நம் சகோதரிகளும் இதனால் பயன் பெறுவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

ஆனால் சிறிய பக்கத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெறப் பொதுவாக 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டினாலும் தொடக்கத்தில் கிடைப்பது சொற்பமே. ஆகவே சிறியவர்களுக்குப் பெரும்பாலும் கடைக்காரர் நேரடியாகத் தரும் பணமே வருமானம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரிடமே கூலி வாங்குகிறோம். பெரிய நடிகர் விளம்பரத்தில் வந்தால், அது விளம்பரம் என்று குழந்தைக்கும் தெரியும். நம் தெருப் பிள்ளை சொன்னால், அது விளம்பரம் என்று யாருக்கும் தோன்றாது. சாட்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். பின்தொடர்வோர் குறையக் குறைய நம்பிக்கை நெருக்கமாகிறது. அந்த நெருக்கத்துக்குத்தான் கடைக்காரர் விலை தருகிறார்.

சாட்சியத்தைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறது! நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி திருக்குர்ஆன் (4:135) கட்டளையிடுகிறது. அறியாத ஒன்றைப் பின்பற்றாதே. செவி, பார்வை, உள்ளம் ஆகிய யாவும் விசாரிக்கப்படும் என்று மற்றோரிடம் (17:36) எச்சரிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குவியலின் மேற்பரப்பு உலர்ந்தே இருந்தது. இன்றைய காணொளிகள் பலவும் அந்த மேற்பரப்பைத்தான் காட்டுகின்றன. கேமராவுக்கென்று தனியாக வைத்த ஒரு தட்டை உண்டுவிட்டு, ஐந்நூறு பேர் விருந்துக்குச் சாட்சி சொல்கிறோம்.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணமோ இலவசப் பொருளோ தள்ளுபடியோ பெற்றுப் பரிந்துரைப்பவர், அதை எல்லோருக்கும் புரியும்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தாம் பயன்படுத்தாத பொருளையும் சேவையையும் பரிந்துரைக்கக் கூடாது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆறாயிரம் பேர்தான் என்பதற்காகச் சலுகை இல்லை.

பணம் வைத்து ஆடும் ரம்மி, பந்தயச் செயலிகளுக்காகப் பேசுவது இதைவிடக் கொடியது. சூதாட்டம் ஷைத்தானின் செயல் என்பது நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இத்தகைய ஆட்டங்களை விளம்பரம் செய்பவருக்கும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. இதில் ஒரு ரூபாயும் நமக்கு வேண்டாம்.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வது கடமை. ஒரு ரமளானில் மதரஸா வாசலில் ஏழைகளுக்கு அரிசி, பருப்பு வழங்கியபோது, கொடையாளர்களுக்கு அனுப்பலாம் என்று சொல்லிக் காணொளி எடுக்க நாமே இசைந்தோம். வரிசையில் நின்ற ஒரு சகோதரி, பையைக் கையில் வாங்குமுன் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அக்காணொளிக்கு விருப்பக் குறிகள் குவிந்தன. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே சிறந்தது (2:271) என்று பாடம் நடத்திய நமக்கு, அந்தத் துப்பட்டிதான் பாடம் நடத்தியது. காணொளியை நீக்கச் செய்தோம். இப்போது பைகளை வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம், படம் எடுப்பதில்லை.

மாணவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். விளம்பரத்துக்குக் கூலி வாங்குவது தன்னளவில் தவறன்று. தரகருக்குக் கூலி உண்டு என்பதை ஃபிக்ஹ் ஏற்கிறது. கூலி வாங்கியதை மறைத்ததும், அறியாததை அறிந்ததுபோல் சொன்னதுமே குற்றம். ஆகவே அம்மூவாயிரத்தை அப்பெரியவரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அது பணம் பெற்றுச் செய்த காணொளி என்று அதே பக்கத்தில் அறிவிக்க வேண்டும்.

அவர் போனார். பெரியவர் பணத்தை வாங்கவில்லை. "காசு கெடக்கட்டும் தம்பி. சம்பந்தி வீட்டார் முன்னால தலை குனிஞ்சேனே, அதை யார் திருப்பித் தருவா?" என்று மட்டும் கேட்டாராம். அன்றிரவே மாணவர் அறிவிப்பை வெளியிட்டார். அதன் பின் இரண்டு கடைகள் அவரை அழைப்பதை நிறுத்திவிட்டன. அந்த இழப்பு உண்மையானது. அதை நாம் சிறிதாக்கிச் சொல்ல மாட்டோம். இப்போது அவருடைய காணொளிகள் ஒரே வாக்கியத்துடன் தொடங்குகின்றன: பணம் வாங்கியிருந்தால் வாங்கினேன் என்கிறார், சொந்தக் காசில் உண்டிருந்தால் அதையும் சொல்கிறார்.

இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் நாம் வேண்டுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான். பெற்றோரும் 'எத்தனை பேர் பார்த்தார்கள்' என்று கேட்பதோடு, 'யாரிடம் என்ன வாங்கினாய், அதைச் சொன்னாயா' என்றும் கேளுங்கள். ஆறாயிரம் பேர் என்பது நம் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கூடும் கூட்டத்தைவிடப் பெரிது. மிம்பரில் ஏறுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அஞ்ச வேண்டும் என்றால், கைப்பேசியின் முன் நிற்பவரும் அஞ்சத்தான் வேண்டும்.

நம் நாவுகளையும் நம் வருமானத்தையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.