கரண்டு போகாத ஊரின் கான்ஃபிக்

போன வாரம் சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் டீமக்ஸ் கான்ஃபிக் கோப்பை அனுப்பியிருந்தான். நானூறு வரிக்கு மேல். திரையின் கீழ்ப்பட்டையில் மணி, பேட்டரி, வானிலை, ஓடுகிற பாட்டின் பெயர். "போட்டுப் பாருங்கண்ணே, சும்மா ஜிகுஜிகுன்னு இருக்கும்." போட்டேன். அப்படித்தான் இருந்தது. "சரி தம்பி, சர்வர்ல டீமக்ஸுக்குள்ள ஒரு வேலை ஓடுது. இங்க உன் லேப்டாப் அணைஞ்சிடுச்சு. அந்த வேலை என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "நின்னுடும்லண்ணே?"

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொலைவில் இருக்கும் ஒரு கணினிக்குள் எஸ்.எஸ்.ஹெச் வழியாகப் போய் ஒரு வேலையைத் தொடங்கினால், அது உங்கள் இணைப்போடு கட்டப்பட்டிருக்கும். இணைப்பு அறுந்தால் அந்த வேலைக்கு 'ஹேங்கப்' என்று ஒரு சமிக்ஞை போகும். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு பேசிய காலத்துப் பெயர்: எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் பெரும்பாலான நிரல்கள் செத்துப்போகும். இதைத் தடுக்கத்தான் 1987இல் ஸ்க்ரீன் வந்தது, 2007இல் நிக்கோலஸ் மேரியட்டின் டீமக்ஸ் வந்தது. உங்கள் வேலையை அந்தத் தொலைவுக் கணினியிலேயே டீமக்ஸ் சர்வர் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் திரை வெறும் ஜன்னல். கன்ட்ரோல்-பி, பிறகு டி அழுத்தினால் நீங்கள் விலகிக்கொள்கிறீர்கள்; வேலை ஓடிக்கொண்டே இருக்கும். லைன் தானாக அறுந்தாலும் அதே கதைதான். எப்போது வேண்டுமானாலும் வந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடத்தில் நிற்பீர்கள்.

நாகூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு வாப்பாக்கள் சபர் போனவர்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். அதற்காக இங்கே உம்மா அடுப்பை அணைத்துவிடவில்லை. ரெண்டு வருஷம் கழித்து வந்து இறங்கினால், நடந்துகொண்டிருக்கும் பேச்சின் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். டிட்டாச், அட்டாச். அவ்வளவுதான்.

இத்தனை தெரிந்தும் நானே மாட்டினேன். நாகூரில் உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன் நான். ஒரு வாடிக்கையாளரின் விவரங்களைப் பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு மாற்றும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பென்று காலையிலேயே கரண்டை எடுத்துவிட்டார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. மதியம் ரவுட்டர் அணைந்தது. பாதி மாறியது, பாதி மாறவில்லை. எது மாறியது என்று கண்டுபிடிக்க விடிய விடிய ஆயிற்று. மேலாளர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "ஊர்ல இருந்து வேலை பார்த்தா இப்படித்தான்."

இப்போதும் சுடுகிற வாக்கியம் அது. ஆனால் தப்பு ஊருடையது இல்லை, என்னுடையது. டீமக்ஸ் திறக்காமல் வேலையைத் தொடங்கியிருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் அதன் கீழ்ப்பட்டைக்கு நிறம் தேடி ரெண்டு ராத்திரி முழித்திருந்தேன்.

இந்த அலங்காரத்துக்கு அந்த உலகத்தில் 'ரைசிங்' என்று பெயர். நெல் விளைகிற மண்ணிலிருந்து சொல்கிறேன், அந்த ரைசில் ஒரு மணிகூட இல்லை. எல்லாம் பதர். பதர் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. எவனோ மாற்றி வைத்த விசைகளுக்குக் கை பழகிவிடும். நடுராத்திரி வாடிக்கையாளரின் சர்வருக்குள் போனால் அங்கே கன்ட்ரோல்-பி மட்டும்தான் இருக்கும், கை தடவும். செஷனைச் சேமிக்கும் ப்ளகின் இருப்பதால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்கிறார்கள். சர்வரே ரீபூட் ஆனால் அது ஜன்னல்களின் அடுக்கைத் திருப்பித் தரும். ஓடிக்கொண்டிருந்த வேலையின் உயிரைத் தராது.

2016இல் சிஸ்டம்-டி 230ஆம் பதிப்பு ஒரு முன்னிருப்பை மாற்றியது: பயனர் வெளியேறினால் அவருடைய மிச்ச வேலைகள் எல்லாவற்றையும் கொன்றுவிடு. டீமக்ஸும் ஸ்க்ரீனும் அதில் அடக்கம். பெரிய சண்டை நடந்தது. டெபியன் பழைய நடத்தையையே வைத்துக்கொண்டது. மாற்றியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அனாதையாக ஓடும் நிரல்கள் தொல்லைதான். ஆனால் வெளியேறுவதும் வெளியேற்றப்படுவதும் ஒன்றல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய பிறகு இந்த டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நாங்கள் யாரும் லாக்-அவுட் செய்யவில்லை.

"கைக்கு வசதியா நாலு வரி மாத்திக்கறதுல என்ன தப்பு?" என்பீர்கள். தப்பே இல்லை. என் கோப்பிலும் நாலு வரி உண்டு. பின்னோக்கிப் பார்க்கும் வரலாறு முன்னிருப்பில் 2000 வரிதான். ஒரு பிழைச்செய்தி அதைத் தாண்டி மறைந்த அன்று 50000 ஆக்கினேன். மௌஸை இயக்கினேன். ஜன்னல் எண்ணைப் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றில் தொடங்கவைத்தேன், விசைப்பலகையில் பூஜ்யம் அந்தக் கோடியில் இருக்கிறது. பழைய பதிப்புகளில் எஸ்கேப் விசைக்கு அரை நொடி காத்திருக்கும், அதைக் குறைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நான் பட்ட ஒரு அவஸ்தை இருக்கிறது. நானூறு வரி எழுதும் அளவுக்கு நான் இன்னும் கஷ்டப்படவில்லை. நீங்களும் பட்டிருக்க மாட்டீர்கள்.

இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். சர்வருக்குள் போய் ஒரு செஷன் திறந்து, அதற்கு வேலையின் பெயரையே வையுங்கள். உள்ளே ஏதாவது ஓடவிட்டு வைஃபையை அணையுங்கள். எழுந்து போய் டீ குடியுங்கள். வந்து போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து அட்டாச் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் நிறம் போடுங்கள்.