கடிதத்தை முதலில் படிப்பவர்

மாதவரத்தில் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வரும் அம்மாள் மகா கெட்டிக்காரி. முழம் குறைகிறதே என்றால், "என் கை குட்டைம்மா" என்பாள்! போன வாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஓர் இன்லண்டு லெட்டரை எடுத்து நீட்டினாள்.

"கண்ணு, புழலுக்கு ஒரு காயிதம் எழுதிக் குடு."

புழல் என்றால் ஒரு காலத்தில் ஏரிதான் நினைவுக்கு வரும். 2006-ல், சென்ட்ரல் ரயிலடிப் பக்கம் இருந்த பழைய மத்திய சிறையின் கைதிகளை இங்கே மாற்றினார்கள். அதிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. அவள் மகன் அங்கே விசாரணைக் கைதி.

"மாமா நாலு தரம் வந்துட்டுப் போனாருன்னு எழுது" என்றாள். எந்த மாமா என்று கேட்டேன். வட்டிக்குப் பணம் கொடுத்தவராம்! வீட்டுக்குள் அவருக்கு இட்ட பெயர் அது. நான் பேனாவை மூடிவிட்டேன்.

ஏன் தெரியுமா, சகோதரிகளே? சிறைக்குப் போகும் கடிதத்தை முதலில் படிப்பவர் கைதி அல்ல, அதிகாரி. குடும்ப விஷயங்களோடு கடிதம் நிற்க வேண்டும் என்பது விதி. சங்கேதம் கூடாது. அதிகாரிக்குப் புரியாத பாஷையானால், மொழிபெயர்த்துப் பார்த்த பிறகே உள்ளே போகும். ஆட்சேபகரமானது என்று பட்டால் நிறுத்தி வைக்கலாம். நம் 'மாமா' எந்தக் கணக்கில் சேருவாரோ, யார் கண்டது?

விலாசத்திலும் கவனம் வேண்டும். புழலில் தண்டனைச் சிறை, விசாரணைச் சிறை, பெண்கள் தனிச் சிறை என்று தனித்தனியே இருக்கின்றன. வெறுமனே 'புழல் ஜெயில்' என்று எழுதினால் தபால் அலைய வேண்டியதுதான்.

"பெத்தவ எழுதறத ஊரான் படிக்கணுமா?" என்று அவள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கள்ளக் கடிதமும் மிரட்டல் கடிதமும் உலகில் இல்லாமல் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டு. ஆனால் கட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. விசாரணைக் கைதி தம் வக்கீலுக்காக எழுதி, அவர் கையில் நேரில் கொடுக்கும் குறிப்பை அதிகாரி முன்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை என்பது பழைய சிறை விதிகளிலேயே இருக்கிறது.

1979-ல் நடந்ததைக் கேளுங்கள். டில்லி திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தமக்காக அல்ல. இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி! அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது கோர்ட். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், சிறைகளில் குறை தீர்க்கும் பெட்டி வைக்க வேண்டும். அது மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் உத்தரவுப்படி திறக்கப்பட வேண்டும் என்று கண்டிருந்தது. ஒரு காகிதம் செய்த வேலை!

நெல்சன் மண்டேலாவுக்கு 1964-ல் ராபன் தீவில் கிடைத்ததோ ஆறு மாதத்துக்கு ஒரே கடிதம். அதுவும் ஐந்நூறு வார்த்தைக்குள்.

புழலில் இப்போது டெலிபோனும் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் டெலிபோனில் பேசிய பேச்சைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மறுபடி படிக்க முடியுமா?

அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, வட்டிக்காரருன்னே எழுது. தோட்டை வித்துக் குடுத்துட்டேன், நீ ரோசிக்காதேன்னு எழுது." அவள் காதைப் பார்த்தேன். ஈர்க்குச்சி செருகியிருந்தது. அப்படியே எழுதினேன்.

ஒட்டப் போகும் சமயத்தில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடம் இருக்குதா கண்ணு? மொதல்ல படிக்கிற ஐயாவுக்கு ஒரு கும்பிடு எழுதிடு. சீக்கிரமா அவன் கையில குடுத்துடச் சொல்லு."