பிழையை மூடி மறைக்கலாமா?



என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் என்று வந்தவரிடம் எடுத்தவுடன் புது டியூப் வாங்கச் சொல்ல மாட்டார். டயருக்குள்ளிருந்து டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கிச் சுற்றி வருவார். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஓட்டை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த நான், அந்தக் குமிழியின் அருமையை ஐந்தாவது செமஸ்டரில்தான் உணர்ந்தேன்.

எங்கள் பிராஜெக்ட் இதுதான். லேபில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர் புரோகிராம் வெப்பநிலை அளவுகளைச் சேர்த்து வைத்திருக்கும். லிப்ரே ஆபீஸ் கால்க்குக்காக நாங்கள் பைத்தானில் எழுதிய பிளக்-இன், பட்டனை அழுத்தியதும் சாக்கெட் வழியாக அவற்றை வாங்கிக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். இரண்டும் ஒரே மெஷினில் இருந்தவரை பிரமாதமாக ஓடியது. ரிவ்யூவுக்காகப் பிளக்-இன்னை வேறொரு மெஷினில் போட்டோம். பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை!

"டேய், ஃபார்மேட் பண்ணிடலாம்டா" என்றான் ஒருவன். "கேபிள் போயிருக்கும்" என்றான் இன்னொருவன். மென்பொருளை இரண்டு தடவை அழித்து ஏற்றினோம். கேபிளையும் மாற்றினோம். ஒரு நாள் போயிற்று. ரிவ்யூவும் போயிற்று.

பிறகுதான் கோடைத் திறந்து பார்த்தோம். 'எக்செப்ட்' என்று ஒரு வரி. அதற்கடுத்து 'பாஸ்' என்று ஒரு வரி. அதாவது, என்ன பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் போ என்று உத்தரவு. எழுதியவன் வேறு யாருமல்ல, நானேதான்! இங்கிலீஷில் சிவப்பாக எது வந்தாலும் எனக்குப் பயம். "இதுகூடத் தெரியலையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அதனால் மறைத்தேன்.

அன்று அப்பாவின் வழிக்கு வந்தேன். பிளக்-இன் என்பது இன்னொரு மென்பொருளின் வயிற்றுக்குள் ஓடுவது. அங்கே 'பிரிண்ட்' போட்டாலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே சாக்கெட் பகுதியை மட்டும் வெளியே உருவி, பத்து வரியில் தனிப் புரோகிராமாக ஓட்டினேன். வந்தது குமிழி! '111, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.'

இந்த எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை நண்பர்களே. சாக்கெட் முறை 1983-ல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸில் வந்தது. அதன் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பொருள் உண்டு. லினக்ஸில் 111, விண்டோஸில் 10061 என்றால், பெரும்பாலும் நம் அழைப்பு எதிர் மெஷின்வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள். 110 அல்லது 10060 என்றால் பதிலே வரவில்லை. மெஷின் அணைந்திருக்கலாம், ஐ.பி. முகவரி தப்பாக இருக்கலாம், ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். மறுப்பு வேறு, மௌனம் வேறு!

மறுப்பு வந்ததால் கேபிள்மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. சர்வர் மெஷினில் 'எஸ்.எஸ்.' கட்டளையை அடித்துப் பார்த்தேன். எங்கள் சர்வர் 127.0.0.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது. அது அந்த மெஷின் தனக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் முகவரி. வெளியாள் எப்படி நுழைவான்? லேப் நெட்வொர்க்கில் அந்த மெஷினுக்குள்ள ஐ.பி.யைக் கொடுத்தேன். ஒரே வரி மாற்றம்தான்.

சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் அடுத்த குமிழி: 98, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. முடிந்துபோன இணைப்பை லினக்ஸ் ஒரு நிமிடம் விடாமல் பிடித்து வைத்திருக்கும். 'ரீயூஸ் அட்ரஸ்' என்ற ஆப்ஷனைப் போட்டதும் அதுவும் தீர்ந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காதது அரை மணி நேரத்தில் கிடைத்தது.

நம் ரெக்கார்டு நோட்டில் என்ன இருக்கிறது? சரியான அவுட்புட் மட்டும். அது வராதவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறான், கையெழுத்தும் வாங்கிவிடுகிறான். பிழையை மறைக்க நாம் அங்கேயே பழகிவிடுகிறோம். வந்த பிழை, தேடிய வழி, கண்ட காரணம் ஆகிய மூன்றையும் எழுத ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டுக்கும் ஒரு பக்கம் வேண்டும், அதற்கும் மார்க் வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. "சிலபஸை முடிக்கவே நேரமில்லை, இதில் இது வேறா?" என்று கேட்கலாம். நன்றாக ஓடும் மெஷினைப் பார்க்க நாளைக்கு யாரும் நம்மைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடப் போவதில்லை. ஓடாததைப் பார்க்கத்தான் கூப்பிடுவார்கள்!

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். சாக்கெட் அவருக்குப் புரியவில்லை. ஆனால், "ஓட்டை எங்கன்னு பாக்காம ஒட்டுப் போட்டா, பாதி வழியில வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் வரணும்" என்றார்.

நான் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களாவது குமிழியைப் பாருங்கள் நண்பர்களே!

– மூன்றாமாண்டு கணினிப் பொறியியல் மாணவன்