காலியில் ஏன் மெதுவாகக் கதைக்கிறோம்?

எங்கட வீட்டாக்கள் காலியை நாலு தரம் பாத்திருக்கினம். நாலு தரமும் கதிர்காமம் போற வானில. கோட்டை மதிலில ஒரு படம், ஆளுக்கொரு இளநீர், திரும்ப வான். ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை. இந்த முறை நானும் மச்சாளும் வான் இல்லாமல் போனோம்.

கொழும்பு கோட்டையில ரயில் ஏறினால் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கோ. கடல் கூடவே வரும். காலி ஸ்ரேசன், பஸ் நிலையம், கிரிக்கெட் மைதானம், கோட்டை வாசல் எல்லாமே நடை தூரம். கோட்டைக்குள்ள ஓட்டோ வேண்டாம். மதில் வழியே நடந்தால் வெளிச்சவீடும் அதுக்குக் கிட்ட வெள்ளைப் பள்ளிவாசலும் வரும். அங்க ஒரு சின்னக் கடையில தண்ணி வாங்கேக்க, எங்கட கதையைக் கேட்ட கடைக்கார நானா, "எங்கேந்து மகள் வாறீங்க?" என்று தமிழில கேட்டார். எனக்கு அது ஆச்சரியம். அவருக்கு இல்லை. கோட்டைக்குள்ள தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன என்று நான் படித்திருந்தேன். ஆனால் காலியில தமிழ் கேட்கும் என்று யோசிக்கவே இல்லை.

பின்னேரம் உனவட்டுனவுக்கு பஸ் எடுக்கப் போனபோதுதான் பிரச்சினை. பலகைகளில் சிங்களம் பெரிசாக, ஆங்கிலம் சின்னனாக. தமிழ் இல்லை. பள்ளிக்கூடத்தில படிச்ச சிங்களத்தை எழுத்துக்கூட்டி முடிக்க முதல் இரண்டு பஸ் போயிட்டுது. மூன்றாவதில ஏறின உடனே மச்சாள், "இதுதானே?" என்று உரத்துக் கேட்டாள். நான், "மெதுவாக் கதையடி" என்றேன்.

ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில இருந்த அம்மா ஒருவர் இடம் வந்ததும் தோளில தட்டி, இறங்கச் சொல்லிக் கைகாட்டினார். அப்ப என்னை ஆர் மெதுவாகக் கதைக்கச் சொன்னது? வீட்டில பெரியாக்கள் பழக்கினது. அவையள் அதைச் சும்மா பழகவில்லை. தமிழ் இல்லாத ஒவ்வொரு பலகையும் அந்தப் பழக்கத்தைச் சரியென்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

காலியில தமிழ் புதுசும் இல்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். இதை வைத்து "நாங்கள்தான் முதல்" என்று சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அந்தக் கல்லில் சிங்களமும் இல்லைதானே. நான் அதில பார்க்கிறது வேற விஷயம்: எழுதினவன் தன்ர மொழியோட நிற்கவில்லை, வாசிக்கப் போறவனின் மொழியையும் யோசித்திருக்கிறான். பஸ் பலகையின் வேலையும் அதுதான்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகியது. ஆகவே பலகையில் தமிழ் கேட்பது சலுகை கேட்பது அல்ல. அதே நியாயத்தோட, யாழ்ப்பாணம் வாற சிங்களப் பெடியன் எங்கட பஸ்ஸில தடுமாறினால் அதையும் நாங்கள் கேட்கவேணும். பலகை மாறும்வரை காத்திருக்காமல் சிங்களம் வாசிக்கப் பழகுவதும் நல்லது. உரிமை கேட்கிறதும் மொழி படிக்கிறதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

ஒரு நகரத்தை வானுக்குள்ள இருந்து பார்த்தால் அது படம் மட்டும்தான். வழி கேட்டு, பஸ் மாறி ஏறி, சில்லறை எண்ணிக் குடுத்துத் திரிந்தால்தான் அங்க எங்களுக்கும் இடமிருக்கு என்று தெரியும். அடுத்த லீவுக்கு ரெண்டு பேராகப் போங்கோ. பஸ்ஸில வழமையான குரலில கதையுங்கோ. திரும்பி வரேக்க நாங்களும் அப்படித்தான் கதைச்சுக்கொண்டு வந்தோம். கொண்டக்டர் மிச்சக் காசைத் தந்திட்டு அடுத்த ஆளிட்டப் போனார்.